பழைய வண்டியும் புதிய பிரேக்கும்

மலையேறும் மோட்டார் வண்டியைக் கண்டு இரங்குவோர் பலர். பெரகலையிலிருந்து அப்புத்தளைக்கு இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு வரும் பழைய வண்டியைப் பார்த்து, “பாவம், என்ன பாடுபடுகிறது!” என்போம். உண்மையில் நமது இரக்கத்துக்கு உரியது மலையிறங்கும் வண்டியே. ஏறும்போது இயந்திரம் ஓய்ந்துபோனால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். இறங்கும்போது பிரேக் ஓய்ந்துபோனால் வண்டி நிற்காது.

எல்ல நகரம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1040 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து இராவணா எல்ல நீர்வீழ்ச்சியைக் கடந்து வெள்ளவாயவை அடையும்போது 800 மீற்றருக்கு மேல் கீழே வந்துவிடுகிறோம். பாதையின் நீளமோ முப்பது கிலோமீற்றர்கூட இல்லை. ஆட்களோடும் மூட்டை முடிச்சுகளோடும் 1000 கிலோகிராம் நிறையுள்ள சிறிய வண்டி ஒன்று 800 மீற்றர் இறங்குவதாகக் கொள்வோம். பௌதிகம் படிக்கும் மாணவர்கள் கணக்கைத் தாங்களே போட்டுப் பார்க்கலாம்: 1000ஐ 9.8ஆற் பெருக்கி, அதனை 800ஆற் பெருக்கினால் 78 இலட்சம் ஜூலுக்குச் சற்றுக் கூடுதலாக வரும். இச்சக்தி எங்கே போகிறது? அழிந்துபோக அதற்கு வழியில்லை, வெப்பமாகவே மாறவேண்டும். 23 லீற்றர் தண்ணீரைச் சாதாரண நிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் அது. ஒரு பங்கைக் காற்றும், ஒரு பங்கைச் சரியான கியரில் இருக்கும் இயந்திரமும் வாங்கிக்கொள்ளும். எஞ்சியது முழுவதும் பிரேக்கின் தலையில் விழுகிறது.

2025 செப்டெம்பர் 4ஆந் திகதி இரவு இதே எல்ல – வெள்ளவாய வீதியில் தங்காலை நகர சபையைச் சேர்ந்தோர் சுற்றுலா சென்று திரும்பிய பஸ் பள்ளத்தில் வீழ்ந்து 15 பேர் மாண்டனர். அவ்விபத்தின் காரணங்களை ஆராய்வது நம் நோக்கமன்று. ஆயினும் ஊவாவின் வீதிகளில் பிரேக்கைப் பற்றிப் பேசுவது வெறும் இயந்திரப் பேச்சன்று என்பதை அது நினைவூட்டுகிறது.

இங்கே நாம் எடுத்துக்கொள்வது பெரிய பஸ்களை அல்ல; பதுளையிலும் பண்டாரவளையிலும், பசறை, ஹாலிஎல, வெலிமடைப் பக்கத்துத் தோட்டங்களிலும் இன்றும் காணக்கூடிய பழைய பிரித்தானிய வண்டிகளை. அவற்றுள்ளும் குறிப்பாக மொறிஸ் மைனரை. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இவ்வண்டி 1948இல் இலண்டன் மோட்டார் கண்காட்சியில் முதன்முதலாக வைக்கப்பட்டது. 1971 வரை உற்பத்தியாயிற்று. அக்காலத்தில் நம் நாட்டுத் தோட்டத் துரைமார், வைத்தியர், ஆசிரியர், கிளாக்கர் எனப் பலர் வாசலிலும் அது நின்றது. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் வாகன இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, இருந்த வண்டியைச் சாகவிடாமல் காப்பது ஒரு கலையாகவே வளர்ந்தது. பழுதான பாகத்தைத் தூக்கியெறியாமல் கடைந்தும் ஒட்டியும் உயிர்கொடுக்கும் கைகள் நம் கராஜ்களில் தோன்றியது அப்போதுதான். பின்னொரு காலத்தில், 1990களில், மைனருக்கான உதிரிப்பாகங்களை இலங்கையிற் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பும் தொழிற்சாலையும் ஏற்பட்டது என்றால், அக்கைகளின் பெருமையை என்னென்பது! 2020 மார்ச்சில் மீண்டும் இறக்குமதி நின்றது. தனியார் வண்டிகளுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில், கொட்டிலில் தூசுபடிந்து கிடந்த தாத்தா காலத்து வண்டிகளுக்கும் புது மதிப்பு வந்தது.

வண்டியை எழுப்பி ஓட்டத் தொடங்கியவர்களுக்கு முதலில் அச்சந் தருவது அதன் டிரம் பிரேக். மைனரின் முன்சக்கர டிரம் 1962 வரை ஏழு அங்குலமாகவே இருந்தது; 1098 சி.சி. இயந்திரம் வந்தபோது எட்டு அங்குலமாயிற்று. நீண்ட இறக்கத்தில் டிரம் சூடேறி விரிகிறது. உள்ளேயிருக்கும் லைனிங்கை விட்டு விலகுகிறது. லைனிங்கின் உராய்வும் வெப்பத்தாற் குறைகிறது. மிதி மேலும் மேலும் கீழே போகிறது. டிஸ்க் பிரேக்கோ திறந்த வெளியிற் சுழலும் இரும்புத் தட்டு. காற்று அதனை ஆற்றுகிறது. சூட்டில் அது தடித்தாலும் பேட்டை நோக்கியே தடிக்கிறதன்றி விலகுவதில்லை. 1953இல் லு மான் பந்தயத்தில் டன்லொப் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜகுவார் வண்டிகள் வென்றதும், 1955இல் சித்ரோன் டி.எஸ். வண்டி முன்சக்கர டிஸ்க்கோடு விற்பனைக்கு வந்ததும் இவ்வுண்மையை உலகுக்குக் காட்டின. ஆகவே, “டிரம்மைக் கழற்று, டிஸ்க்கைப் பூட்டு” என்று முடிவுசெய்கிறார் வண்டிச் சொந்தக்காரர். 1971இல் வந்த மொறிஸ் மரீனா மைனரின் முன்பக்க அமைப்பைத் தழுவியது. ஆதலால் மரீனாவின் டிஸ்க்கை மைனருக்கு ஏற்றுவது இங்கிலாந்தில் பலர் செய்த காரியம். வேறு வண்டிகளின் கலிப்பரைப் பொருத்துவோரும் உண்டு.

வேலை முடிகிறது. பணமும் கைமாறுகிறது. பழைய டிரம்மைவிட வண்டி மெதுவாகவே நிற்கிறது! “டிஸ்க் நல்லதென்றார்களே, இது என்ன கூத்து?” என்று திகைக்கிறார் மனிதர்.

இதற்கு விடை காண, கழற்றி எறிந்த அந்தப் பழைய டிரம்மிடமே போகவேண்டும். மூடிய கதவின் அடியில் ஓர் ஆப்பைச் செருகிவையுங்கள். கதவை அவ்வாப்பின் மீது தள்ளத் தள்ள ஆப்பு மேலும் இறுகுமன்றோ? மைனரின் முன் டிரம்மினுள் இரண்டு ஷூக்களும் இவ்வாறே சுழலும் திசையை எதிர்நோக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றையும் தள்ளத் தனித்தனிச் சிலிண்டர். நாம் சற்றே அமுக்கினாற் போதும். சுழலும் டிரம்மே ஷூவை உள்ளிழுத்து இறுக்கிக்கொள்ளும். வண்டியின் ஓட்டமே வண்டியை நிறுத்த உதவுகிறது. டிஸ்க்கில் இந்த உதவி அறவே இல்லை. சைக்கிள் சக்கரத்தின் விளிம்பை இரு கட்டைகள் பக்கத்துக்கொன்றாகக் கவ்வுவது போல அது கவ்வுகிறது. காலின் பலம் எவ்வளவோ, பிடிப்பும் அவ்வளவே.

இக்குறையை ஈடுசெய்யவே கலிப்பரின் பிஸ்டனைப் பெரிதாக வைத்திருக்கிறார்கள். பெரிய பிஸ்டனைத் தள்ளக் கூடுதல் எண்ணெய் வேண்டும். அந்த எண்ணெயை அனுப்புவதோ வண்டியின் தரைக்கடியில் இருக்கும் மாஸ்டர் சிலிண்டர். இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. சிலிண்டரின் துவாரம் சிறிதானால் அமுக்கம் மிகும்; ஆனால் எண்ணெய் போதாமல் மிதி அடிவரை போகும். துவாரம் பெரிதானால் மிதி உயரத்திலேயே நிற்கும்; ஆனால் கல்லை உதைப்பது போலிருக்கும். முக்கால் அங்குலச் சிலிண்டருக்குப் பதிலாக முக்காலே அரைக்கால் அங்குலச் சிலிண்டரை வைத்தால் வித்தியாசம் அரைக்கால் அங்குலந்தானே என்று எண்ணவேண்டாம். பரப்பளவு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. பரப்பு நூற்றுக்கு 36 பங்கு கூடிவிடும். அதே காற்பலத்துக்கு எண்ணெயின் அமுக்கம் நூற்றுக்கு 27 பங்கு குறைந்துபோகும். பாஸ்கலின் விதியைப் பரீட்சைக்காக மனனஞ் செய்யும் மாணவர்கள் அதனை இம்மிதியில் உணர்ந்து பார்க்கலாம்.

ஆகவே பழுதைத் தேடும் கராஜ் பாஸ் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: “மிதி அடிவரைக்கும் போகுதா ஐயா, இல்லாட்டி பாதியிலேயே கல்லு மாதிரி நிக்குதா?” இக்கேள்வியைக் கேளாமல் பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றத் தொடங்குபவரிடம் வண்டியை விடாதிருப்பதே உத்தமம்.

மிதி கல்லாய் நின்று, வண்டி மட்டும் நிற்கவில்லையென்றால், எண்ணெயிலும் குழாயிலும் குற்றமில்லை, பலந்தான் போதவில்லை. பேட்டுகள் புதியனவாயின் டிஸ்க்கோடு இன்னும் இணங்கியிராது. பந்தய வண்டிக்குரிய கடினமான பேட்டை வாங்கிப் போட்டிருந்தாலோ, அது சூடேறினாலன்றிப் பிடிக்காது. பண்டாரவளைக் குளிரில் காலைநேரத்து முதல் வளைவுக்கு அது உதவாது. கிறீஸ் பட்ட பேட்டைக் கழுவிப் பயனில்லை, மாற்றவே வேண்டும். இவையெல்லாம் சரியென்றால், வண்டிக்குத் தேவை பூஸ்டர்.

பூஸ்டர் என்பது இயந்திரம் காற்றை உறிஞ்சுவதால் உண்டாகும் வெற்றிடத்தைக் கொண்டு நம் காலுக்குத் துணைபுரியும் கருவி. ஒரு பக்கத்தில் வெற்றிடம், மறுபக்கத்தில் வெளிக்காற்று. இவற்றின் அமுக்க வேறுபாடே அதன் பலம். மலைநாட்டார் கவனிக்கவேண்டிய செய்தி இதிலுண்டு. கடற்கரையிலுள்ள கொழும்பில் இருக்கும் காற்றமுக்கம் 1430 மீற்றர் உயரத்திலுள்ள அப்புத்தளையில் இல்லை. நூற்றுக்கு 85 பங்கு அளவே உண்டு. அந்த அளவுக்குப் பூஸ்டரின் துணையும் குறையும். காலி வீதியில் ஓட்டிப் பார்த்து, “அருமையான பிரேக்” என்று சொல்லி அனுப்பிய வண்டி, தம்பேத்தன்னத் தோட்டத்துப் பாதையில் சற்றுக் கனத்த காலைக் கேட்பதில் வியப்பில்லை.

பூஸ்டர் வேலை செய்கிறதா என்று வீட்டிலேயே அறியலாம். இயந்திரத்தை நிறுத்திவிட்டு மிதியை நாலைந்து தரம் அமுக்குங்கள். உள்ளிருந்த வெற்றிடம் தீர்ந்து மிதி கடினமாகும். அமுக்கியபடியே இயந்திரத்தைத் தொடக்குங்கள். மிதி காலடியிற் சற்றே தாழ்ந்தால் பூஸ்டர் உயிரோடிருக்கிறது. தாழாவிட்டால் வெற்றிடக் குழாயையும், அதிலுள்ள ஒருவழி வால்வையும் பார்க்கவேண்டும். இவ்விடத்தில் ஒரு கெட்ட வழக்கத்தைக் கண்டித்தே ஆகவேண்டும். பெற்றோல் மிச்சமென்று இறக்கத்தில் இயந்திரத்தை நிறுத்தி நியூட்ரலில் உருட்டிவருவோர் இன்னும் இருக்கிறார்கள். பூஸ்டர் பூட்டிய வண்டியில் இது இருமடங்கு மடமை. இயந்திரத்தின் தடுப்பும் போயிற்று; இரண்டு மூன்று மிதிப்புக்குப் பின் பூஸ்டரின் துணையும் போயிற்று. மிச்சம் பிடித்த பெற்றோல் ஒரு போத்தல்கூட இராது.

இனி மற்றைய வகை: மிதி பஞ்சு போல் அமிழ்கிறது. இதற்குக் காரணம் பெரும்பாலும் குழாயினுள் காற்று. எண்ணெய் நசுங்காது, காற்று நசுங்கும். நம் பலமெல்லாம் அக்குமிழைப் பிழிவதிற் கழிந்துவிடும். “மூன்று தரம் காற்று எடுத்தாயிற்று, போகவில்லையே” என்று அலுத்துக்கொள்வோர், கலிப்பரிலுள்ள நிப்பிள் எங்கே இருக்கிறதென்று குனிந்து பார்க்கட்டும். அது மேல்நோக்கி இருக்கவேண்டும். வேறு வண்டியின் கலிப்பரைப் பொருத்தும் அவசரத்தில் இடத்தை வலமாகவும் வலத்தை இடமாகவும் பூட்டிவிட்டால் நிப்பிள் அடிப்பக்கம் போய்விடும். காற்று மேலே தங்கும். எண்ணெய் மட்டும் கீழே ஒழுகும். முந்நூறு தரம் அமுக்கினாலும் அக்காற்று வெளியேறாது. இரண்டையும் கழற்றி இடம் மாற்றினால் அரைநாளிற் தீரும் வேலை. பழைய றப்பர்க் குழாய்களும் இவ்வாறே ஏமாற்றும். வெளியே நல்லனவாய்த் தோன்றினும் அமுக்கத்தில் பலூன் போல் வீங்கும். டிஸ்க்கை மாற்றும்போது இவற்றையும் மாற்றாமல் விடுவது, புதுக் குடத்துக்கு ஓட்டைக் கயிறு கட்டுவது போன்றது.

பஞ்சு போலின்றி, முதல் மிதிப்பில் ஆழப்போய், உடனே இரண்டாம் தரம் மிதித்தால் உயர்ந்து நிற்குமாயின், எங்கோ இடைவெளி மிகுந்திருக்கிறது என்று பொருள். பலரும் முன்சக்கரத்தையே சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்கள். குற்றவாளியோ பின்னால் இருப்பான். பின்சக்கரங்களில் இன்னும் பழைய டிரம்தானே? அவற்றின் ஷூக்களை நெருக்கி வைக்காவிட்டால், எண்ணெயில் பாதி அந்த இடைவெளியை நிரப்புவதிலேயே போய்விடும். சக்கரத்தைத் தூக்கி, ஷூ உரசும் வரை முறுக்கி, பிறகு சுதந்திரமாய்ச் சுழலும் அளவுக்கு மட்டும் தளர்த்தவேண்டும். முழு வேலைக்கும் கால் மணிநேரம். கைப்பிரேக்கும் அதனாற் சீராகும் என்பது கொசுறு. சக்கரத்துப் பேரிங் ஆடினாலும், டிஸ்க் நேராகச் சுழலாமல் ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஆடினாலும், அது பேட்டுகளை ஒவ்வொரு சுற்றிலும் பின்னே தட்டிவிடும். அடுத்த மிதிப்பு வெறுமையாக இறங்கும்.

மைனருக்கே உரிய நுட்பம் ஒன்று உண்டு. அதன் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் பாதத்துக்குக் கீழே, சட்டத்தினுள் தாழ்வாக இருக்கிறது. கலிப்பரோ அதற்கு மேலாக அமையக்கூடும். வண்டி நிற்கையில் எண்ணெய் மெல்லப் பின்வாங்கி, காலையில் முதல் மிதிப்பு ஏமாற்றும். பழைய டிரம் அமைப்பில் இதற்கு இடமிருக்கவில்லை. ஏனெனில் மாஸ்டர் சிலிண்டரின் முனையிலுள்ள சிறு வால்வு, சதுர அங்குலத்துக்கு 8 முதல் 10 இறாத்தல் வரை அமுக்கத்தைக் குழாயில் எப்போதும் தேக்கிவைக்கும். டிரம்முக்குள் இருக்கும் ஸ்பிரிங் அவ்வமுக்கத்தை எதிர்த்து ஷூவை இழுத்துக்கொள்ளும். டிஸ்க்குக்கு அத்தகைய ஸ்பிரிங் இல்லை. வால்வை அப்படியே விட்டால் பேட் டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டே வரும். உரசலில் சூடும், சூட்டில் எண்ணெய்க் கொதிப்பும், பிரேக் இழப்பும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். முற்றாக எடுத்துவிட்டால் எண்ணெய் பின்வாங்கும். பரிகாரம் யாதெனில், பழைய வால்வை நீக்கி, முன்குழாயில் 2 இறாத்தல் வால்வும் பின்குழாயில் 10 இறாத்தல் வால்வும் தனித்தனியே வைப்பது. வெளிநாட்டிலிருந்து வரும் மாற்றுப் பொதிகளிலும் சிலவற்றில் இவ்வால்வுகள் இருப்பதில்லை. வாங்கும்போதே கேட்டறிவது நன்று.

மிதியை ஒரு நிமிடம் பலமாக அமுக்கிப் பிடித்திருக்க, அது மெல்ல மெல்லக் கீழிறங்கினால், வெளியே ஒரு சொட்டு எண்ணெயும் ஒழுகாவிட்டாலும் மாஸ்டர் சிலிண்டரின் றப்பர் தேய்ந்திருக்கிறது. அந்த வண்டியை கராஜ் வாசலைத் தாண்டி எடுத்துச் செல்லலாகாது. பழைய மைனரில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய் வழிதான். ஓரிடத்தில் விட்டால் எல்லாவிடத்தும் விட்டதே. இருவழி மாஸ்டர் சிலிண்டரை மாற்றிவைக்க வசதியுள்ளவர் அதனைச் செய்யட்டும். என் கருத்தில், டிஸ்க்கைவிட அதுவே முதலிற் செய்யவேண்டியது.

எண்ணெயைப் பற்றிச் சிறிது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தைத் தானே உறிஞ்சும் இயல்புடையது. டொட் 4 எனும் வகை புதிதாயிருக்கையில் 230 பாகை சென்ரிகிரேட்டுக்குக் குறையாமற் கொதிநிலை உடையது. ஈரமேறிய பின் அது 155 பாகை வரை இறங்கக்கூடும். டொட் 3 வகைக்கு இவ்வெல்லைகள் 205, 140. வடகீழ்ப் பருவமழையில் மாதக்கணக்காக மூடுபனியில் நனையும் நமது மாகாணத்தில், இரண்டாண்டுக்கொருமுறை எண்ணெயை மாற்றுவது செலவன்று. பாதி மிஞ்சிய பழைய டின்னை அலமாரியில் வைத்து அடுத்த வருடம் ஊற்றுவது சிக்கனமுமன்று. இயந்திர எண்ணெயையோ வேறு கனிய எண்ணெயையோ ஒரு துளியும் கலக்கலாகாது. றப்பரெல்லாம் ஊதிப்போய் முழு வேலையும் பாழாகும்.

இத்தனையும் படித்தபின், “அப்படியாயின் டிஸ்க்கே வேண்டாமா?” என்று கேட்கலாம். வார இறுதியில் பதுளை நகருக்குள் கோயிலுக்கும் சந்தைக்கும் போய்வரும் வண்டிக்கு, எட்டு அங்குல டிரம் செம்மையாக நெருக்கப்பட்டு, நல்ல லைனிங்கும் புது எண்ணெயும் இருந்தால் அதுவே போதும். குடும்பத்தோடு வெள்ளவாய, மொனராகலைப் பக்கம் அடிக்கடி இறங்குவோருக்கு டிஸ்க் நன்மையே. ஆனால் அது கடையில் வாங்கும் ஒரு பாகமன்று. மிதியிலிருந்து பின்சக்கரம் வரை முழு அமைப்பையும் மீண்டும் இணக்குவது என்று எண்ணியே தொடங்கவேண்டும். முன்பக்கம் பலங்கூடியபின் முன், பின் பிடிப்பின் விகிதமும் மாறும். இறக்கத்தில் வண்டியின் பாரம் முன்னே சாய்வதால் பின்சக்கரம் இலேசாகிவிடுகிறது. அது முந்தி இறுகினால், ஈரப் பாதையில் வண்டியின் வால் சுழன்றுவிடும். முன்சக்கரம் சற்றே முந்தி இறுகுவதுதான் பாதுகாப்பு.

புது பேட்டை டிஸ்க்கோடு இணக்க, சமதரையில் மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திலிருந்து 15 வரை நிதானமாகக் குறைத்து, சற்று ஓடவிட்டு ஆற்றி, மறுபடி குறைக்கவேண்டும். இருபது தரமாவது இவ்வாறு செய்யவேண்டும். பதுளையில் சமதரை எங்கே என்று சிரிப்பீர்கள். ஹாலிஎலப் பக்கமாக மேல்நோக்கி ஓட்டிச் செய்யலாம். ஏற்றத்தில் பிழைத்தாலும் வண்டி தானே நின்றுவிடும். முதற் பரீட்சையையே எல்ல இறக்கத்தில் வைப்பவர் துணிச்சற்காரரல்லர். பெரிய இறக்கத்துக்கு முதன்முறை போகையில், எந்தக் கியரில் அந்த மலையை ஏறுவீர்களோ அந்தக் கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை ஓயாது தடவிக்கொண்டிராமல், வளைவுக்கு முன் உறுதியாக அமுக்கி வேகத்தைக் குறைத்து, உடனே காலை எடுத்துவிடுங்கள். அடிவாரத்தை அடைந்ததும் வண்டியை ஓரமாக நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்துக்கும் அருகே புறங்கையை நீட்டிப் பாருங்கள், இரும்பைத் தொடவேண்டாம். முன்சக்கரங்கள் இரண்டிலும் ஒத்த சூடு வீசினால் குற்றமில்லை. ஒன்று மட்டும் அனல் கக்கினால், அந்தப் பக்கத்துக் கலிப்பரின் பிஸ்டன் பின்வாங்காமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அரைமணி நேரம் ஆறவிட்டு, அருகிலுள்ள கராஜ் வரை மெதுவாக ஓட்டிச் சென்று அதனைக் கழற்றிப் பார்க்கவேண்டும்.